சரிம்மா, வர்றோம்

நிறைமதிக்கு முதுகலைப் படிப்பில் தொண்ணூற்றொரு மதிப்பெண் வாங்கித் தந்தது ஒரே ஒரு வினைச்சொல். அந்தப் பல்கலைக்கழகத்தில் எழுபது வாங்கினாலே நண்பர்களைக் கூப்பிட்டு விருந்து வைப்பார்கள். திரையில் தொண்ணூற்றொன்றைப் பார்த்தபோது யாரோ எண்ணை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றே அவள் நினைத்தாள்.

படிப்பின் பெயர் 'உலக வளர்ச்சியும் சுற்றுச்சூழலும்'. மதியம் மூன்று மணிக்கே சூரியன் கடையைக் கட்டிவிடும் ஒரு வடதேசத்து நகரத்தில் நடந்தது. ஆத்தூரில் யாராவது "பொண்ணு என்ன படிக்குது?" என்று கேட்டால் அவளுடைய அம்மா, "உலகத்தையே வளக்குற படிப்பாம். இவள வளக்குறதுக்கே எனக்கு மூச்சு வாங்கிப்போச்சு" என்பாள். வகுப்பில் பதினான்கு பேர், பதினோரு நாடுகள். நல்ல எண்ணத்தோடு தொடங்கிய திட்டங்கள் எப்படிப் பாழாய்ப் போயின என்பதைத்தான் முதல் அரையாண்டு முழுக்கப் படித்தார்கள். அணை, சாலை, ஆழ்துளைக் கிணறு, கொசுவலை. படித்துவிட்டு, நாம் ஒருநாளும் இப்படிச் செய்யமாட்டோம் என்று காப்பி குடித்துக்கொண்டே பேசிக்கொள்வார்கள். அந்த வயதில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம்.

இரண்டாம் அரையாண்டில் 'செவி' வந்தது.

இரண்டாயிரத்து நாற்பத்திரண்டாம் ஆண்டு அது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. உலக நாடுகள் சேர்ந்து கரைநிதி என்ற ஒன்றை ஏற்படுத்தியிருந்தன. இருந்த இடத்திலேயே இருக்க விரும்பும் கடலோர ஊருக்குக் கல்லைக் கொட்டி, அலையைத் தடுக்கும் தூண்டில் வளைவு கட்டித் தருவார்கள். எழுந்து போக விரும்பும் ஊருக்கு உள்நாட்டில் மாடிவீடு கட்டித் தந்து, பழைய நிலத்தைக் கடலுக்கு விட்டுவிடுவார்கள். இரண்டில் எது என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை வாங்குவதில்தான் காலங்காலமாகத் தில்லுமுல்லு. வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கினார்கள். செத்துப்போனவர்கள் எழுந்து வந்து கையெழுத்துப் போட்டார்கள். ஆகவே தாளே வேண்டாம், மனிதக் குரலைக் கேட்போம் என்று உருவாக்கியதுதான் செவி. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். கேள்வியையும் பதிலையும் கேட்டு, சம்மதமா மறுப்பா என்று தானே முடிவுசெய்து முத்திரை வைத்துவிடும்.

அதை வடிவமைத்த குழுவில் பேராசிரியர் இங்க்ரிட்டும் ஒருவர். ஒரு நாள் வகுப்பில் அவர் நிறைமதியைப் பார்த்துக் கேட்டார். ஆங்கிலத்தில்தான் பேசினார்கள், நாம் தமிழில் கேட்போம்.

"ஆம் என்பதற்கு உங்கள் மொழியில் என்ன சொல்?"

"சொல் இருக்கிறது. ஆனால் நாங்கள் அதிகம் சொல்வதில்லை."

"பிறகு எப்படிச் சம்மதிப்பீர்கள்?"

"கேட்ட வினையையே திருப்பிச் சொல்வோம். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன். வருகிறாயா என்றால் வருகிறேன். அதுதான் எங்கள் ஆம்."

"மறுப்பு?"

"அதை முகத்துக்கு நேரே சொல்லமாட்டோம். பார்க்கலாம் என்போம். பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம்."

வகுப்பு சிரித்தது. இங்க்ரிட் சிரிக்கவில்லை, பேனாவைக் கீழே வைத்தார். "தமிழில் பாதிப் பதில்களைச் செவி 'விளங்கவில்லை' என்று ஒதுக்கிக்கொண்டிருக்கிறது. நீ இதை அதற்குச் சொல்லிக்கொடு" என்றார்.

நிறைமதி சொல்லிக்கொடுத்தாள். நான்கு மாதம் கழுத்து வலிக்க உட்கார்ந்து விதிகளாக எழுதினாள். அதற்குத்தான் அந்தத் தொண்ணூற்றொன்று.

விதிகளைப் பார்வைக்கு வைத்த அன்று கென்யாவிலிருந்து வந்த மாணவன் ஒருவன் கேட்டான்: "முத்திரை விழுந்த பிறகு அதிகாரிகள் உள்ளே புகுந்து மாற்றினால்?"

"முடியாது. அமைச்சராலும் முடியாது, கரைநிதியாலும் முடியாது" என்றார் இங்க்ரிட்.

"உங்களால்?"

"என்னாலும் முடியாது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நிறைமதியும் தட்டினாள், கொஞ்சம் பலமாகவே.

ஆய்வேட்டுக்காகச் செவியோடு போய்ச் சம்மதம் கேட்க அவள் தேர்ந்துகொண்ட ஊர் புன்னைத்துறை. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, நூற்றெண்பத்தெட்டு வீடுகள். போன புயலில் கிழக்குத் தெருவில் இரண்டு வரிசை வீடுகளைக் கடல் கொண்டுபோயிருந்தது. மிச்சமிருந்தவர்கள் கடலைத் திட்டிக்கொண்டே அதில்தான் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் விடியுமுன் ஃபைபர் படகுகளில் கிளம்பிவிடுவார்கள். பகலில் ஊரில் பெண்கள்தான். ஆகவே வீட்டுக்கு ஒரு குரல் என்று பதிந்ததில் ஏறக்குறைய எல்லாமே பெண்களின் குரல்.

முதலில் அவள் போன வீடு தவமணியுடையது. நாற்பத்தாறு வயது, மீன் விற்பவள், ஊரில் பெண்களுக்குள் ஒரு வழக்கு என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பவள். புருஷன் மூன்று வருஷத்துக்கு முன் கடலோடு போய்விட்டான். ஒரே மகன் மதியழகன், இருபத்துநாலு வயது, அப்பனுடைய வலையைத்தான் எடுத்துக்கொண்டு போகிறான்.

நிறைமதி தன் கேள்விகளை வரிசையாகக் கேட்டு, கடைசிக் கேள்விக்கு வந்தாள். "புது இடத்துக்குப் போறீங்களாக்கா?"

தவமணி கூடையைத் தரையில் வைத்தாள். "இந்தாம்மா. புள்ள கடல்ல நிக்கிற நேரத்துல வாசப்படியில குந்திக்கிட்டு போறியா போறியான்னு கேக்குற. ஒங்க ஊர்ல இதான் பழக்கமா?"

நிறைமதிக்கு முகம் சுருங்கிவிட்டது. "எங்க ஊர்லயும் போறேன்னு சொல்ல மாட்டோம்க்கா. எனக்குத் தோணாமப் போச்சு. மன்னிச்சிருங்க."

"மன்னிப்பு கெடக்கு. கேள்விய மாத்து."

மாற்றினாள். 'புது இடத்துக்கு வர்றீங்களா?' என்று. உள்ளூர் மக்களின் மனம் புண்படாமல் கேள்வியைத் திருத்திய விவரத்தை அன்றே இங்க்ரிட்டுக்கு எழுதினாள். 'அற்புதம்' என்று பதில் வந்தது. இந்த மாதிரி நுட்பத்துக்காகத்தானே இந்தப் படிப்பே! கேள்வி அப்படியே செவியில் பதிவாகி முத்திரையும் விழுந்தது.

பிறகு யார் வீட்டு வாசலிலும் உட்காராமல், செவியைத் தோளில் குத்திக்கொண்டு மீன் ஏலக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டாள். காலை ஏலம் முடிந்து ஈரத் தரையைக் கழுவிவிட்ட பிறகு பெண்கள் ஒவ்வொருவராக வருவார்கள். அரைமணி, ஒருமணி என்று பேசுவார்கள். கடலில் எந்தப் பக்கம் மீன் படும், யார் மருமகள் எப்படி, அரசாங்கம் கட்டியிருக்கும் மாடிவீட்டில் வலையை எங்கே காயப்போடுவது, நாலாவது மாடியில் கருவாட்டை உலர்த்தினால் கீழ்வீட்டுக்காரி சும்மா விடுவாளா. திருவாரூர் சாலையில் இருபத்திரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருந்தன அந்த வீடுகள். அங்கிருந்து கடலைப் பார்க்க இரண்டு பஸ் மாறவேண்டும். யாருக்கும் அங்கே போக மனமில்லை என்பது பேச ஆரம்பித்த இரண்டாம் நிமிடமே தெரிந்துவிடும்.

ஆனால் கடைசியாக அவள், "புது இடத்துக்கு வர்றீங்களா?" என்று கேட்டால் பதில் வராது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்த பெண். தங்கள் வீடுகளில் கை நனைத்தவள். அவளிடம் போய் வெட்டினாற்போல் எப்படிச் சொல்வது? கடல் பக்கம் பார்ப்பார்கள். கொண்டையை அவிழ்த்துக் கட்டுவார்கள். பிறகு கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "சரிம்மா, நேரமாச்சு, வர்றோம்" என்று கிளம்பிவிடுவார்கள்.

நிறைமதி தன் நோட்டில் 'விருப்பமில்லை' என்று எழுதிக்கொள்வாள். நூற்றெழுபத்தொன்பது முறை அப்படி எழுதினாள். தமிழ் தெரிந்த எவரும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். செவிக்கும் தமிழ் தெரியும். அவள் சொல்லிக்கொடுத்த அளவுக்குத் தெரியும்.

முடிவு நவம்பரில் வந்தது. பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாம் மாடியில் அவள் அதைத் திறந்து பார்த்தாள். புன்னைத்துறை, குடும்பங்கள் 188, சம்மதம் 179, மறுப்பு 9. அவள் முதலில் சிரித்தாள். பக்கத்தில் படித்துக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். பிறகு ஒவ்வொரு பதிவாகக் கேட்டாள். முதல் பத்துப் பதிவுகளும் 'வர்றோம்' என்றே முடிந்தன, ஒவ்வொன்றின் எதிரிலும் 'சம்மதம்' என்று இருந்தது.

அந்த ஒன்பது மறுப்பு இன்னும் வேடிக்கை. கூரை போய்த் தார்ப்பாய்க்குள் கிடக்கும் ஒன்பது வீட்டுக்காரர்கள்தான் அவர்கள். ஊரிலேயே மாடிவீட்டைப் பற்றி ஒரு நிமிடமாவது யோசித்தவர்கள். "பாக்கலாம்மா" என்று சொல்லியிருந்தார்கள். உண்மையிலேயே பார்க்கலாம் என்றுதான் சொன்னார்கள்.

இங்க்ரிட்டின் அறைக்கு அவள் ஓடினாள்.

"இது விடைபெறும் சொல்" என்றாள்.

"வருகிறோம் என்பதா?"

"ஆமாம். போகும்போது சொல்வது."

"போகும்போது ஏன் வருகிறோம் என்று சொல்கிறீர்கள்?"

"திரும்பி வரவேண்டும் என்பதற்காக" என்றாள்.

இங்க்ரிட் நாற்காலியில் சாய்ந்தார். அவர் கெட்டவரில்லை. கெட்டவராக இருந்திருந்தால் நிறைமதிக்குச் சண்டை போடவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும். "நீ விதி எழுதியபோது இதைச் சொல்லவில்லையே" என்றார்.

"எனக்கே இது ஒரு விஷயமாகத் தெரியவில்லை. மூச்சு விடுவதை யாராவது குறிப்பெடுத்து வைப்பார்களா?"

"உன் நோட்டில் எழுதியிருப்பாயே?"

"எழுதியிருக்கிறேன். எல்லாமே மறுப்பு என்று."

"அது செல்லாது" என்றார் இங்க்ரிட் மெதுவாக. "கேட்டவர் எழுதியதைச் சேர்க்கக்கூடாது என்று விதி. அப்படிச் சேர்த்துத்தானே முன்பெல்லாம் ஏமாற்றினார்கள்."

திருத்த ஒரே ஒரு வழி இருந்தது. ஊரின் முடிவுக்கு முத்திரை விழுந்த முப்பது நாளுக்குள், அதே குரலிடம், அதே கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டும். அந்தக் குரல் அதே வினையை எதிர்மறையாகச் சொல்ல வேண்டும். சம்மதித்ததாகப் பதிந்தவர்களில் பாதிக்கு மேல், அதாவது தொண்ணூறு வீடுகள் அப்படிச் சொன்னால் ஊரின் முடிவு ரத்தாகும். முப்பதில் பத்தொன்பது நாள் ஏற்கெனவே ஓடியிருந்தது. அவள் அன்றே விமானச் சீட்டுக்கு அலைந்தாள்.

ஊர்க்கூட்டம் ஏலக்கூடத்திலேயே நடந்தது. நாட்டார் சிங்காரவேலு நடுவில் உட்கார்ந்திருந்தார். புன்னைத்துறையில் ஊர்த்தலைவரை நாட்டார் என்றுதான் சொல்வார்கள். நிறைமதி நடந்ததைச் சொல்லிமுடித்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்புதான் கிளம்பியது.

"வர்றோம்னா கெளம்புறோம்னு அர்த்தம். அதுகூடவா தெரியாது அந்த மிஷினுக்கு?" என்றாள் தவமணி. "அதுக்குத் தமிழ் சொல்லிக்குடுத்த புண்ணியவதி யாரு?"

"நான்தான்க்கா."

சிரிப்பு நின்றது. நாட்டார் தொண்டையைச் செருமினார். "ஆனது ஆச்சு. இப்ப என்னா செய்யணும், அதச் சொல்லும்மா."

"அதே கேள்விய நான் திரும்பக் கேப்பேன். நீங்க ஒவ்வொருத்தரும் வரமாட்டோம்னு சொல்லணும். அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று அவள் நினைத்தாள். முன்வரிசையில் ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நிறைமதி எல்லா முகங்களையும் மாறிமாறிப் பார்த்தாள். கடலுக்கு ஆளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் தான் என்ன சொல்லச் சொன்னோம் என்பது அவளுக்கு அப்போதுதான் மெல்ல உறைத்தது.

"வேற வார்த்த இல்லயா?" என்றார் நாட்டார்.

"வரலைன்னும் சொல்லலாம்."

அது இன்னும் மோசம். அந்தக் கரையில் பெண்கள் 'வரலை' என்று சொல்வது ஒரே சமயத்தில்தான். எல்லாப் படகும் கரையேறி, ஒன்று மட்டும் ஏறாதபோது.

"வேணாம்னு சொல்றோம்மா. நூறு தடவ சொல்றோம்" என்றாள் ஒருத்தி.

"ஏறாதுக்கா. கேட்ட வினைச்சொல்லாவே இருக்கணும்."

"இங்கயேதான் இருப்போம்னு சொன்னா?"

அதையும் பதிந்து பார்த்தார்கள். செவி மஞ்சள் விளக்கைக் காட்டியது. 'கூடுதல் கருத்து' என்று அதற்குப் பெயர். வேறு வினைச்சொல்லில் கேட்கலாமா என்றால், முத்திரை விழுந்த கேள்வியை மாற்ற முடியாது.

"அப்ப ஆம்பளைங்க கரையில இருக்குற நேரத்துல சொல்லுங்க. வெள்ளிக்கிழம யாரும் போறதில்லல்ல?" என்று நிறைமதி கேட்டாள். கேட்கும்போதே குரல் கெஞ்சலாகிவிட்டது.

தவமணிதான் பதில் சொன்னாள். "சொன்ன வார்த்த வூட்டுக்குள்ளயே கெடக்கும் பாப்பா. மறுநா காலைல அவன் அதத் தாண்டித்தான் கடலுக்கு எறங்கணும்."

நாட்டார் எழுந்தார். "ஊரு மொத்தத்துக்கும் சேத்து நான் சொல்றேன். நான் கடலுக்கு எறங்கி ஆறு வருசமாச்சு. என் தலையோட போவட்டும்." நல்ல மனிதர். ஆனால் அவர் வீட்டில் பதிவாகியிருந்த குரல் அவருடைய மருமகளுடையது. அவள் புருஷன் அப்போது கடலில் இருந்தான். திரும்பிப் பார்த்தால் அவளைக் காணோம். எப்போதோ எழுந்து வீட்டுக்குப் போயிருந்தாள்.

மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டுப் போகலாம். நிறைமதியும் இரண்டு நாள் அப்படித்தான் தனக்குள் சொல்லிக்கொண்டாள். மூன்றாம் நாள் ஒரு வீட்டில் கேட்கப் போனபோது அந்தப் பெண், "ஒன் வூட்டுக்காரரு கார்ல கெளம்பும்போது நீ சொல்லுவியா?" என்று கேட்டாள். கல்யாணமே ஆகாத நிறைமதி, ஆத்தூரிலிருந்து தினமும் பைக்கில் ஆலைக்குப் போகும் அப்பாவை நினைத்துக்கொண்டாள். சொல்லமாட்டாள். எவ்வளவு படித்தாலும் சொல்லமாட்டாள்.

பிறகு சொல்வதற்கு ஆட்கள் வந்தார்கள். நாலாம் நாள் முத்துலெட்சுமி என்பவள் தானாகவே கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். புருஷனையும் கொழுந்தனையும் ஒரே புயலில் கொடுத்தவள்.

"புது இடத்துக்கு வர்றீங்களா?" என்று நிறைமதி கேட்டாள்.

"வரமாட்டோம்" என்றாள் அவள். "எனக்கென்னம்மா. இனிமே வராம போறதுக்கு என் வூட்ல ஆளு ஏது?" சொல்லிவிட்டு உடைந்து அழுதாள்.

அதற்குப் பிறகு ஒருத்தி, பிறகு இன்னும் இருவர். எட்டு நாளில் பதினாறு பேர். ஊரில் எந்தெந்த வீட்டில் கடல் ஆளை எடுத்தது, எந்த வீட்டில் இனி எடுக்க ஆளில்லை என்று யாரும் அவளுக்குப் பட்டியல் தரவேண்டியிருக்கவில்லை. யார் வந்து சொன்னார்களோ அவர்கள்தான் பட்டியல். பதினாறோடு அது நின்றுபோனது. வேண்டியது தொண்ணூறு.

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது நிறைமதி தவமணியின் வீட்டுக்குப் போனாள். போகக் கூடாது என்று தெரிந்தேதான் போனாள். மதியழகன் விடியற்காலையிலேயே கிளம்பியிருந்தான். தவமணி குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன பேரு ஆச்சு?"

"பதினாறுக்கா."

தவமணி கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "நான் சொன்னா மத்தவளுங்க சொல்லுவாளுங்களா?"

அந்த இடத்தில் நிறைமதி 'தெரியலை' என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் உண்மை. மறுநாள் ஊரே போய்விடும் என்ற பயத்தில், "சொல்லுவாங்கக்கா. நீங்க சொன்னா எல்லாரும் சொல்லுவாங்க" என்றாள்.

"கேளு."

"புது இடத்துக்கு வர்றீங்களாக்கா?"

தவமணி கண்ணை மூடிக்கொண்டாள். "வரமாட்டோம்" என்றாள். தெளிவாக, சத்தமாக. செவியில் பச்சை விளக்கு எரிந்தது.

ஆனால் யாரும் பின்னால் வரவில்லை. மதியழகன் கரையில் இல்லாத நேரத்தில் தவமணி அப்படிச் சொல்லிவிட்டாள் என்று தெரிந்ததும் பெண்கள் பதறித்தான் போனார்கள். நிறைமதி தெருவில் நடந்தால் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அன்று மாலை மதியழகனின் படகு மற்றப் படகுகளோடு ஒழுங்காகக் கரையேறியது. வலை நிறைய மீன் வேறு. தவமணி மீனைக் கையால்கூடத் தொடவில்லை. மகனைக் கூட்டிக்கொண்டு போய் வீட்டுக்குள் உட்காரவைத்தாள். இனி நீ கடலுக்கு இறங்கக் கூடாது என்றாள். அவன் சிரித்தான், கத்தினான், அப்பன் வலை சும்மா கிடக்குமா என்று கேட்டான். அவள் அசையவில்லை. மூன்றாம் நாள் அவனைத் திருப்பூருக்கு பஸ் ஏற்றிவிட்டாள். பனியன் கம்பெனியில் வேலை. பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்துக் கண் விழித்தவன் டியூப்லைட்டுக்குக் கீழே துணி மடித்துக்கொண்டிருந்தான்.

இரண்டு வாரம் கழித்து முடிவைச் சொல்ல நாகப்பட்டினத்தில் மறுகுடியமர்வு அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். தவமணியும் கூடவே வந்தாள். உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள் என்றதால் அவள் வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

அலுவலர் ஜெயசீலன் இளைஞர். நிறைமதியைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அவளுடைய ஆய்வேட்டைப் படித்திருந்தார். காப்பி வரவழைத்தார்.

"உக்காருங்க மேடம். பதினேழு பேரு மறுத்திருக்காங்க. தொண்ணூறு இருந்தாத்தான் ரத்தாகும், அது உங்களுக்கே தெரியும்."

"தெரியும் சார். அந்தப் பதினேழு வீட்டையாவது…"

"அதுலயும் ஒரு சிக்கல்." அவர் ஒரு தாளைத் தள்ளினார். "அந்தப் பதினேழையும் செவியே தள்ளிடுச்சு. கேக்குறவங்க முன்கூட்டியே பதில் வார்த்தைய சொல்லிக்குடுத்திருக்காங்கன்னு கண்டுபிடிச்சிருக்கு. நீங்க ஊர்க்கூட்டத்துல வரமாட்டோம்னு சொல்லணும்னு சொன்னீங்கல்ல, அப்ப செவி ஆன்ல இருந்திருக்கு. சொல்லிக்குடுத்த சொல்லு செல்லாது. அந்த விதி நல்ல விதிதான் மேடம். முன்னெல்லாம் எங்க ஆளுங்கதான் ஊருக்குள்ள போயி, ஆமான்னு சொல்லுங்கன்னு மிரட்டிட்டு வருவாங்க."

அவள் தாளைப் பார்த்தாள். ஆங்கிலத்தில் இருந்தது. பதினேழு பெயர்கள், ஒன்றன்கீழ் ஒன்று. மேலே 'தள்ளுபடி' என்ற தலைப்பு.

"சார், அவங்க சம்மதிக்கல. அது போயிட்டு வர்றோம்னு சொல்றது. நீங்களும் தமிழ்தான பேசுறீங்க? உங்களுக்குப் புரியுதுல்ல?"

ஜெயசீலன் காப்பியை அவள் பக்கம் நகர்த்தினார். "புரியுது மேடம். கேட்டவுடனே புரிஞ்சுது. ஆனா எனக்குப் புரிஞ்சத நான் எழுத முடியாது. அதுக்குத்தான இந்த மிஷினே வந்துச்சு." பிறகு, அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, "ஒண்ணு சொல்லணும். உங்க கேள்வி அவ்ளோ நல்லா இருக்குன்னு கரைநிதியிலேருந்து பாராட்டி எழுதியிருக்காங்க. யார் மனசும் கோணாம கேக்குது. அதையே மாதிரியா வச்சு இப்ப கடலூர்லேருந்து ராமேஸ்வரம் வரைக்கும் கேட்டு முடிச்சிட்டோம். அறுபத்தெட்டு ஊரு. எந்த ஊர்லயும் தொண்ணூறு சதவீதத்துக்குக் கீழ போகல" என்றார்.

அறுபத்தெட்டு ஊர்ப் பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்து, கடைசியாக மரியாதையாக ஒரு சொல் சொல்லிவிட்டு நடப்பது நிறைமதியின் கண்முன் தெரிந்தது. அழுகைகூட வரவில்லை. யாரிடம் போய் என்ன சொல்வது? அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். ஜெயசீலன் வாசல்வரை வந்து கதவைத் திறந்துவிட்டார்.

தவமணி பெஞ்சை விட்டு எழவில்லை. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "ஊரு போச்சா?"

"போச்சுக்கா."

"எப்பத்துக்குள்ள காலி பண்ணணும்?"

"சித்திரைக்குள்ள."

தவமணி தலையை ஆட்டினாள். சாலையில் ஒரு மீன்வண்டி தண்ணீர் ஒழுக ஒழுகப் போனது. அது தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் சொன்னது?" என்றாள். "அதாச்சும் ஏறுச்சா?"

நிறைமதி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஏறுச்சுக்கா" என்றாள்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அது போதும். சும்மா சொன்னதுன்னு ஆயிருந்தா, புள்ளய அங்க அனுப்புனதுக்கு எனக்கு ஆறாது." தவமணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எதுலயாச்சும் எழுதியிருக்காங்களா? காட்டு."

"இங்கிலீஷ்ல இருக்குக்கா."

"எனக்குப் படிக்கவா தெரியும், எங்கன இருக்குன்னு மட்டும் காட்டு. போதும்."

நிறைமதி பையிலிருந்து தாளை எடுத்தாள். தலைப்பு தெரியாதபடி மேல்பாதியை மடித்துப் பிடித்துக்கொண்டு, பதினேழாவது வரியைத் தொட்டுக் காட்டினாள். தவமணி தாளை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்தாள். மடிப்பு தானாகவே பிரிந்து தலைப்பு வெளியே தெரிந்தது. அவள் அந்த வரியின் மேல் விரலை வைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை மெல்ல நகர்த்தினாள்.

"சரியாத்தான் எழுதியிருக்கான்" என்றாள்.